கையால் ஒரு கார்

காரில் செல்வோர் பலர். காரை ஓட்டத் தெரிந்தோர் சிலர். கார் பழுதுபட்டால் தாமே திருத்தத் தெரிந்தோர் அவரினும் சிலர். "ஒரு காரை நாமே செய்தால் என்ன?" என்று எண்ணுவோரோ ஊருக்கு ஒருவர் இருந்தால் மிகுதி. அந்த ஒருவரை ஊரார் முதலில் பித்தர் என்பர். வண்டி ஓடத் தொடங்கியதும் அறிஞர் என்பர். அது வழியில் நின்றுவிட்டால் மீண்டும் பித்தர் என்றே முடிவு கட்டுவர்!

அத்தகைய ஒருவர் என் தாய்மாமன். எங்கள் முன்னோர் போடிப் பக்கத்திலிருந்து மலையேறி மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். மாமா மட்டும் மலையைவிட்டு இறங்கி, பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை தோறும் நான் அங்கே செல்வேன். பழைய ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டு, தோப்பில் தேங்காய் ஏற்றுவதற்காக நான்கு சக்கர வண்டி ஒன்றை நாங்கள் இருவரும் செய்தோம். அந்த வேலையில் நான் கற்றதையும், பிறகு இயற்பியல் வகுப்பில் அமர்ந்து புரிந்துகொண்டதையும் நண்பர்களாகிய உங்களிடம் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கோவை தந்த முன்னோடி

இந்த ஆசை நம் பக்கத்து மண்ணுக்குப் புதிதன்று. கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ் பின்னர் யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதே. 1952-இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றையும் அவர் செய்து காட்டினார். அதன் விலை 2000 ரூபாய்!

அந்தக் கார் ஏன் நம் தெருக்களில் ஓடவில்லை? உற்பத்திக்கு வேண்டிய உரிமத்தை அரசு வழங்கவில்லை. எனவே முயற்சி அத்துடன் நின்றது. 1974-இல் நாயுடு மறைந்தார். இன்று கோவையில் அவர் பெயர் தாங்கிய கார்க் காட்சியகத்துக்குச் செல்வோர் பழைய கார்களைக் கண்டு வியக்கிறார்கள். நான் வியப்பது வேறொன்றைக் குறித்து. ஒரு காரைச் செய்ய முடியுமா என்னும் வினாவுக்கு நம் ஊர்ப் பட்டறை 1952-லேயே "முடியும்" என்று விடை சொல்லிவிட்டது. ஆனால் செய்ய முடிவது வேறு. அதைப் பலர் அச்சமின்றிப் பயன்படுத்தும்படி செய்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

மலை கற்பித்த பாடம்

இடுக்கி மலைகளில் பட்டறைத் தொழில் தேவையால் வளர்ந்தது. கடை தொலைவில் இருக்கும், மழையோ ஓயாது, பொறி நின்றால் வேலையும் நிற்கும். 1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908-இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதை ஆயிற்று. தேயிலை டாப் ஸ்டேஷன் வரை வண்டியில் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி, தமிழகப் பக்கம் உள்ள கொட்டகுடிக்கு இறங்கும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் பாதையை அடித்துச் சென்றது. இன்று எங்கள் மலையில் அந்த உழைப்பைச் செய்பவை ஜீப்புகளே. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாறைப் பாதையைப் பார்த்தவர்கள், அதில் ஓடும் ஜீப்பின் உறுப்புகள் படும் பாட்டை அறிவார்கள்.

இடுக்கியில் மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் தம் குழந்தைகளுக்காகக் கையாலேயே ஒரு குட்டி ஆட்டோவைச் செய்த செய்தி 2019-இல் நாளேடுகளில் வந்தது. 1990-இல் வெளிவந்த 'ஏய் ஆட்டோ' என்னும் மலையாளப் படத்தில் வரும் ஆட்டோவின் பெயரையே, 'சுந்தரி' என்று, அதற்கும் சூட்டியிருந்தார். அது மின்கலத்தால் ஓடுவது. அந்தப் படத்தைக் கண்டுதான் மாமாவுக்கும் எனக்கும் ஆசை பிறந்தது.

கடையில் கிடைக்காத உறுப்பு

"எல்லா உறுப்பும்தான் கடையில் கிடைக்கிறதே, ஏன் செய்ய வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சின் கிடைக்கும், சக்கரம் கிடைக்கும், பேரிங், செயின், பிரேக் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஸ்கூட்டர் எஞ்சினை ஆட்டோச் சக்கரத்தோடு இணைக்கும் உறுப்பு எந்தக் கடையிலும் இல்லை. ஒன்றையொன்று அறியாத இரண்டு பொருள்களுக்கு உறவு உண்டாக்கும் தரகர் போன்றது அந்த உறுப்பு. பின் அச்சு, சக்கரத்தைத் தாங்கும் ஹப், எஞ்சினைத் தாங்கும் பிடி, ஸ்டியரிங் கை, பெடல் நெம்புகோல் ஆகியவையே பட்டறையில் பிறக்க வேண்டியவை. வண்டியின் உயிரும் இவற்றில்தான் இருக்கிறது.

முதலில் வேண்டுவது அளவு. பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால், அச்சையும் 25 மில்லிமீட்டருக்குக் கடைந்தால் போதும் என்று நான் எண்ணினேன். மாமா சிரித்தார்.

"எந்த 25 மாப்பிளே? தளர்ந்த 25-ஆ, இறுகின 25-ஆ?"

அச்சு நூறில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் பேரிங் அதன்மேல் வழுக்கும். நாளடைவில் அச்சைத் தேய்க்கும். நூறில் ஒன்று அல்லது இரண்டு மிகுந்தால் இறுகப் பற்றும். அதற்கும் மேல் மிகுந்தால் பேரிங்கின் உள்வளையம் விரிந்து குண்டுகள் சுழல இடமின்றித் திணறும். நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். ஆகவே நல்ல பொருத்தத்துக்கும் கெட்ட பொருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு மயிரிழையில் ஏழில் ஒரு பங்கு! வெர்னியர் 0.02 வரையே காட்டும், மைக்ரோமீட்டர் 0.01 வரை காட்டும். லேத்தில் கடைந்தவுடன் இரும்பு சூடாக இருக்கும். அப்போது அளந்தால் அளவு பொய் சொல்லும். ஆறவிட்டு அளக்க வேண்டும். பொறுமை அறநூலில் மட்டுமன்றி லேத்திலும் வேண்டப்படும் குணம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இந்த வெப்ப விரிவையே நாம் வேலைக்காரனாகவும் கொள்ளலாம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லரைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டையைச் சக்கரத்தைவிடச் சிறிதாகச் செய்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டி, நீரூற்றிக் குளிர்விப்பார். அது சுருங்கி மரத்தை இறுகத் தழுவிக்கொள்ளும். எஞ்சினின் பிளைவீலில் பல்வளையம் மாட்டுவதும் இதே முறைதான். உருக்கு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தை 200 பாகை காய்ச்சினால் 0.12 மில்லிமீட்டர் விரியும். இறுகப் பொருத்துவதற்கு அது போதும். நம் கொல்லர்கள் கணக்கு எழுதாமலே இக்கணக்கைச் செய்துவந்தார்கள்.

இரும்பெல்லாம் ஒன்றல்ல

பழைய இரும்புக் கடையில் எல்லாம் துருப்பிடித்த ஒரே நிறமாகவே தோன்றும். ஆனால் அவற்றின் குணம் வேறு. இரும்பில் கலந்துள்ள கரியின் அளவே அந்தக் குணத்தைத் தீர்மானிக்கிறது. மைல்ட் ஸ்டீலில் கரி நூற்றுக்கு கால் பங்குக்கும் குறைவு. அது வளையும், எளிதில் பற்றவைக்கலாம், ஆனால் வலிமை நடுத்தரம். அச்சுக்கு ஏற்ற ஈ.என். 8 என்னும் உருக்கில் கரி ஏறத்தாழ 0.4 பங்கு. லாரியின் வில்பட்டையில் 0.6 அளவு இருக்கும். வில்பட்டை மிக உறுதியாயிற்றே என்று அதை வெட்டி வெல்டிங் செய்பவர்கள் உண்டு. பற்றவைத்த இடம் விரைந்து குளிரும்போது கண்ணாடிபோல் கடினமாகிவிடும். அது கண்ணுக்கு உறுதியாய்த் தெரியும். ஓர் அடியில் பிளந்துவிடும்.

வார்ப்படத்துக்கு வேறொரு நுட்பம் உண்டு. உருகிய உலோகம் உறையும்போது சுருங்கும். எனவே மரத்தில் செய்யும் மாதிரி உருவை வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்வர். வார்ப்பிரும்புக்கு நூற்றுக்கு ஒரு பங்கு. அலுமினியத்துக்கு அதற்குச் சற்று மேல். உருக்குக்கு இரண்டு பங்கு அளவு. கோவை பம்புசெட்டுக்குப் புகழ்பெற்ற ஊர் அல்லவா? அங்கே வார்ப்படப் பட்டறைகள் பல இருப்பதால், எல்லைக்கு இப்பாலுள்ள நமக்கும் ஒரு மாதிரி உருவோடு பஸ் ஏறினால் வேலை முடிந்துவிடும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். இழுவையையும் அடியையும் தாங்காது. ஆதலின் எஞ்சின் உடலுக்கு அது ஏற்றது. ஸ்டியரிங் கைக்கு ஒருபோதும் ஆகாது.

முறிந்த அச்சு

இனி எங்கள் தவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் வண்டியின் பின் அச்சு 30 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பி. சக்கரத்து ஹப்பை மாட்டுவதற்காக இரு முனைகளிலும் 25 மில்லிமீட்டராகக் கடைந்தோம். பெரிய விட்டம் முடிந்து சிறிய விட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு படி உண்டானது. அந்தப் படியின் மூலையை நான்தான் கடைந்தேன். கூரிய உளியால், நூல் பிடித்தாற்போல் செங்கோணமாகக் கடைந்தேன். பார்க்க அழகாக இருந்தது. மாமாவும் தட்டிக்கொடுத்தார்.

வண்டி நான்கு மாதம் நன்றாக ஓடியது. ஒரு மாலை மாமாவின் மகள், நான்காம் வகுப்புப் படிப்பவள், தேங்காய்க் குவியலின்மேல் அமர்ந்து வந்தாள். வாய்க்கால் ஓரம் திரும்பும்போது "டக்" என்று ஓர் ஒலி. வலப்பக்கப் பின்சக்கரம் தனியே உருண்டு வாய்க்காலில் விழுந்தது. வண்டி சாய்ந்தது. குழந்தை வாய்க்கால் பக்கம் விழாமல் வரப்பின் பக்கம் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு தப்பினாள். மாமா ஒன்றும் பேசவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிரவு அவர் உண்ணவும் இல்லை.

மறுநாள் முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தோம். பெரும்பகுதி வழவழப்பாக, கிளிஞ்சலின் மேலுள்ள வரிகள்போல் வரிவரியாக இருந்தது. ஒரு சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக, புதிதாய் உடைந்ததுபோல் இருந்தது. வரிகள் யாவும் நான் அழகாகக் கடைந்த மூலையிலிருந்தே தொடங்கியிருந்தன. அச்சு அன்றைக்கு முறியவில்லை. பல நாள்களாக முறிந்துகொண்டே இருந்தது என்பது அதன் பொருள்.

இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். சுழலும் அச்சின் மேற்புறம் ஒரு கணம் இழுபடும். அரைச் சுற்று சுழன்று கீழே வந்ததும் அமுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி. எங்கள் சக்கரத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 800 சுற்று. தோப்புக்குள் 150 கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்று கொண்டால் 1,20,000 முறை அந்த இரும்பு இழுபட்டு அமுங்கியிருக்கிறது! கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்பதைப் போன்றதே இது.

சுமையைக் கணக்கிட்டேன். ஒரு பின்சக்கரத்தின்மேல் 120 கிலோ. படியிலிருந்து சக்கரத்தின் நடுவுக்கு 10 சென்டிமீட்டர். அந்த மூலையில் உண்டாகும் தகைவு ஏறத்தாழ 80 மெகாபாஸ்கல். மைல்ட் ஸ்டீல் மீண்டும் மீண்டும் வளைவதைத் தாங்கும் எல்லை 200 அளவு. அப்படியானால் ஏன் முறிந்தது? கூரிய மூலையில் விசைக்கோடுகள் நெருங்கிக் குவிகின்றன. ஆற்று நீர் பாறை முனையைச் சுற்றும்போது வேகம் கொள்வதைப்போல. அதனால் தகைவு இருமடங்கு ஆகிறது. குழியில் விழும்போது சுமை மேலும் இருமடங்கு. 80 என்பது 320 ஆகிவிட்டது. இனி முறிவு நாள்கணக்கே.

இந்தப் பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1842-ஆம் ஆண்டு மே மாதம் பாரிசுக்கு அருகே, வெர்சேல்ஸிலிருந்து திரும்பிய இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே ரேங்கின் என்னும் இளம் பொறியாளர், அச்சில் விட்டம் மாறும் இடத்தை மெல்ல வளைத்துச் சேர்க்க வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். பின்னர் ஜெர்மனியில் வோலர் என்பார் பல ஆண்டுகள் இரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்துக் களைப்பின் விதிகளை வகுத்தார். ரேங்கின் அதை எழுதியபோது அவர் ஓர் இளைஞர். நானும் இளைஞனே! அவர் கண்டறிந்ததை நான் படித்திருந்தும் கையில் செய்யாமற்போனேன்.

புதிய அச்சை ஈ.என். 8 உருக்கில் செய்தோம். முனையை 25-க்குக் குறைக்காமல் 30 ஆகவே வைத்து, அதற்கேற்ற ஹப் செய்தோம். உருளைக் கம்பி வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப்படி மாறும். 25-ஐ 30 ஆக்கினால் வலிமை நூற்றுக்கு 73 பங்கு கூடும். எடையோ 44 பங்கே கூடும். படி தவிர்க்க முடியாத இடத்தில் உளியின் மூக்கை உருட்டித் தீட்டி, மூலையை வளைவாகக் கடைந்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கினோம். உளிக் கீறல் ஒன்று இருந்தாலும் வெடிப்புக்கு அதுவே வாசல். முறிந்த துண்டை மாமா எறியவில்லை. லேத்துக்கு மேலுள்ள பலகையில் வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு அதுதான் முதல் பாடப்புத்தகம்.

இறக்கத்தில் எழும் நெருப்பு

தோப்பு சமநிலம், எங்கள் மலை அப்படியன்று. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கினால் ஏறத்தாழ 1000 மீட்டர் இறக்கம். 600 கிலோ எடையுள்ள சிறு கார் அவ்வளவு இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 59 இலட்சம் ஜூல். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகும். இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்த வெப்பம் போதும்! அதை நான்கு கையளவு இரும்புக்குள் ஊற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கையில் 205 பாகையில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நில்லாது. எந்தக் கியரில் மலை ஏறுகிறாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று எங்கள் ஜீப் ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். எஞ்சின் வண்டியைப் பின்னுக்கு இழுத்து அந்த வெப்பத்தில் பெரும்பங்கைத் தான் ஏற்றுக்கொள்ளும். ஆகவே அச்சையும் பிடியையும் பட்டறையில் செய்தாலும், பிரேக்கின் உறுப்புகளைச் சோதித்துத் தேறிய நிறுவனங்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்பது எங்கள் உறுதி. எதைச் செய்யலாம் என்று அறிவது திறமை. எதைச் செய்யலாகாது என்று அறிவது அதனினும் பெரிய திறமை.

சட்டம் பகையா?

வீட்டில் செய்த காரைச் சாலையில் ஓட்டலாமா? 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஒவ்வொரு புதுவகை வண்டியின் முன்மாதிரியும் புனேயிலுள்ள வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிலையத்தில் சோதனைக்கு உட்பட்டுச் சான்று பெற வேண்டும். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பதிவான வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்று தீர்ப்பளித்தது. ஜீப்பை உயர்த்தியும் அகலச் சக்கரம் மாட்டியும் மகிழும் நம் மலைநாட்டு இளைஞர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

நானும் ஒரு காலத்தில் இதைக் குறைகூறியவனே. நாயுடுவுக்கே உரிமம் தராத நாடு என்று பேசியிருக்கிறேன். வாய்க்கால் ஓரத்து மாலைக்குப் பிறகு என் பேச்சு மாறிற்று. உரிமம் மறுப்பது வேறு; சோதனை கேட்பது வேறு. முன்னது முயற்சியை முடக்கியது. பின்னது, நான் கடைந்த மூலையை என்னைத் தவிர வேறொருவரும் பார்க்க வேண்டும் என்று கேட்கிறது. எதிரே நடந்து வருபவர் என் லேத்தை நம்ப ஒப்புக்கொண்டவர் அல்லரே! ஆயினும் ஒன்று சொல்வேன்: கைத்திறன் உடைய எளியவர் தம் படைப்பைக் குறைந்த செலவில் சோதித்துக்கொள்ளும் வழி மாவட்டந்தோறும் இருக்குமானால், எத்தனையோ பட்டறைகளின் திறமை வெளிச்சத்துக்கு வரும்.

அதுவரை நமக்கு வழியில்லாமல் இல்லை. தனியார் நிலத்தில், உரியவர் இசைவோடு, மெல்ல ஓட்டலாம். பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்த வண்டிகளைக் கொண்டு ஓட்டும் பாஹா போட்டி இந்தூருக்கு அருகே பீதம்பூரில் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. அங்கே ஓட்டத்துக்கு முன் பரிசோதகர்கள் ஒவ்வோர் உறுப்பையும் பார்த்த பின்பே வண்டியைக் களத்தில் விடுவர். நம் வளாகத்திலும் பணிமனை உண்டு, லேத் உண்டு, பொறியியல் நண்பர்களும் அறிவியல் நண்பர்களும் உள்ளனர். இல்லாதது இருவரும் சேர்ந்து கைகறுக்க வேலை செய்யும் ஒரு மாலைப்பொழுது மட்டுமே.

நண்பர்களே! ஏட்டில் நாம் படிக்கும் சூத்திரங்கள் உயிரற்றவை என்று எண்ணாதீர்கள். நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு சூத்திரம், ஒரு குழந்தை வரப்பின் பக்கம் விழுவதா வாய்க்காலின் பக்கம் விழுவதா என்னும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் முழங்கைத் தழும்பு இப்போது மங்கிவிட்டது. சென்ற விடுமுறையில் புதிய அச்சில் வண்டியை ஓட்டிக் காட்டியபோது, அவளே வந்து மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்தாள். "அண்ணா, மூலையை வளைச்சாச்சா?" என்று கேட்டாள். வளைத்துவிட்டேன் என்றேன். தானும் விரலால் தடவிப் பார்த்த பிறகே ஏறி உட்கார்ந்தாள்.